முன்பக்கப் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்

வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் போடப் போகிறவர்கள், அதிலும் முதல் முறையாகப் போடுகிறவர்கள், சுவர் செய்யப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் பித்தளை வால்வு செய்யும் சிறிய தொழிற்கூடம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம் உள்ள இடம் எடுத்திருந்தோம். பின்னால் 2.4 மீட்டர் உயரச் சுவர், அதில் வால்வுகளை அடுக்கத் தட்டுகள், நடுவில் ஒரு டிவி. இவ்வளவுதான் தேவை. காட்சிக் கூடத்தின் விதிகள் கண்டிப்பானவை: தரையில் துளை போடக் கூடாது, தூணில் கட்டக் கூடாது, அனுமதியில்லாமல் கூரையிலிருந்து எதையும் தொங்கவிடக் கூடாது. சுவர் தன் காலிலேயே நிற்க வேண்டும். இதை முதல் நாளே ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். "அதுதானே எங்கள் தொழில், கவலையே படாதீர்கள் சார்" என்றார்.

அவர் அனுப்பிய முப்பரிமாணப் படம் கண்ணைப் பறித்தது. விலைப்புள்ளியில் 18 மி.மீ. பிளைவுட், 2 அங்குல மரச்சட்டம், தீத்தடுப்புப் பலகை, இரு ஓரங்களிலும் 1 மீட்டர் மடக்குச் சுவர் (பின்சுவரோடு செங்குத்தாகத் திரும்பும் பக்கச் சுவர்) என்று வரிவரியாக எழுதியிருந்தது. 70 சதவீதம் முன்பணம் கேட்டார், கொடுத்தேன். பட்டறைக்கு வந்து பார்க்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். ஒரு முறை பெயின்ட் காயவில்லை என்றார், மறுமுறை ஆட்கள் வெளியூரில் இருக்கிறார்கள் என்றார். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு முந்தைய இரவு பதினோரு மணிக்கு வண்டி வந்தது. ஓர் இளைஞர் ஒரு பேனலைத் தனியாளாகத் தோளில் வைத்து உள்ளே கொண்டுவந்தார். என் வயிற்றில் அப்போதுதான் புளியைக் கரைத்தது. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் பலகை மட்டுமே ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். சட்டமும் சேர்ந்தால் இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். பேனலைத் திருப்பிப் பார்த்தேன். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை, அதுவும் 6 மி.மீ., அதன் பின்னால் 1 அங்குல ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம், ஸ்டேப்ளர் பின் அடித்து ஒட்டியது. மொத்தத் தடிமன் 3 செ.மீ.

ஓரத்தில் பட்டி (துளைகளை அடைத்துப் பூசும் பசை) இன்னும் ஈரமாக இருந்தது. விரல் நகத்தால் சுரண்டினேன். எங்கள் வெள்ளை நிறத்துக்கு அடியில் நீலம் தெரிந்தது, நீலத்துக்கு அடியில் பழைய திருகுத் துளை. வேறு யாருக்கோ செய்து, கழற்றி, பட்டி பார்த்த பலகையைப் புதிது என்று எனக்கு விற்றிருக்கிறார். மடக்குச் சுவர்கள் எங்கே என்று கேட்டு அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அவை இருந்தால் ஸ்டால் குறுகலாகத் தெரியும் சார், அதனால் எடுத்துவிட்டோம்" என்றார். அதன் பிறகு அந்த எண் ஒலிக்கவே இல்லை.

அந்த மடக்குச் சுவர்தான் உயிர்நாடி என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. பாதி திறந்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்தால் நிற்கும், ஒற்றைத் தாள் நிற்காது. எங்களுக்கு வந்தது ஒற்றைத் தாள். வந்த ஆட்கள் இருவரும் பேனல்களை வரிசையாகத் திருகி, தட்டுகளை மாட்டி, மேல் விளிம்பிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்து, பக்கத்து ஸ்டாலின் அலுமினியச் சட்டத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

காலையில் கூடத்தின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார். ஆறு மீட்டர் சுவரும் அலை போல ஆடியது, தட்டிலிருந்த வால்வுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. கம்பி கட்டியதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. வால்வுகளை இறக்கி, கம்பியை அவிழ்த்து, சுவரைத் தரையில் சாய்க்கச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தச் சுவருக்கு முன்னால் நாள் முழுக்க ஆட்கள் நின்றிருப்பார்கள்.

கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன், யாரும் போடலாம். சுவர் முன்பக்கம் சாயும்போது அதன் முன் விளிம்புதான் திரும்பும் புள்ளி. எடையை அந்தப் புள்ளியிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் பலம் தெரியும். ஐந்து பேனல்களின் எடை 100 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 3 செ.மீ. தடிமனில் பாதி 1.5 செ.மீ. ஆக, சுவரைப் பிடித்து நிறுத்தும் பலம் 100 × 1.5 = 150. தட்டுகளில் 20 கிலோ வால்வு, தட்டின் அகலம் 20 செ.மீ., எடையின் மையம் 10 செ.மீ. முன்னால் இருக்கிறது. இழுக்கும் பலம் 20 × 10 = 200. டிவியைச் சேர்க்காமலே சுவர் தானாகக் கவிழ வேண்டும். அந்த இரண்டு கம்பிகள் மட்டுமே அதைத் தடுத்துக்கொண்டிருந்தன.

எதிர் ஸ்டாலில் வேலை முடித்துக் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வயதான தச்சர் வந்து பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "சுவருக்குக் கால் எங்கே தம்பி?" என்று கேட்டார். தன்னிடம் மிஞ்சிய கட்டைகளில் பின்னோக்கி 60 செ.மீ. நீளும் மூன்று கால்களை அடித்து, ஒவ்வொன்றுக்கும் சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்தார். கால்களின் கடைசியில் பாரம் வேண்டும் என்றார். மணல் மூட்டைக்கு எங்கே போவது? எங்கள் வால்வுப் பெட்டிகளையே, ஒவ்வொன்றும் 25 கிலோ, கால்களின் மேல் ஏற்றினோம். 75 கிலோ, 45 செ.மீ. பின்னால்: 150 இருந்த இடத்தில் 3,000க்கு மேல் கூடியது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கடியில் ஆப்பு செருகி, அவரே தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

கால்களுக்கு இடம் வேண்டுமே, சுவரை 60 செ.மீ. முன்னால் நகர்த்தினோம். வாடகை கொடுத்த 18 சதுர மீட்டரில் 3.6 போனது, ஐந்தில் ஒரு பங்கு.

அதோடு முடியவில்லை. தீத்தடுப்புச் சான்றிதழை அதிகாரி கேட்டார். ஒப்பந்தக்காரர் கொடுத்திருந்த நகலில் 12 மி.மீ. பிளைவுட் என்று இருந்தது, வாங்கியவர் பெயரும் எங்களுடையது அல்ல. நிற்பதோ 6 மி.மீ. எம்.டி.எஃப். சுவரில் இருந்த விளக்குகளைக் கழற்றி, இரண்டு தீயணைப்பான்களை வைத்த பிறகே அனுமதித்தார். ஸ்டால் திறந்தபோது மதியம் இரண்டைத் தாண்டிவிட்டது. காலையில் வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு மொத்த வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

ஆகவே, படம் கேட்கும்போது பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். கால் எத்தனை, எவ்வளவு நீளம், பாரம் எத்தனை கிலோ என்று அளவோடு வரைந்து தரட்டும். தராதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பட்டறையில் சுவரை முழுதாக நிறுத்திக் காட்டச் சொல்லி, தட்டில் உங்கள் சரக்கையே ஏற்றித் தள்ளிப் பாருங்கள். டிவி மாட்டும் இடத்துக்குப் பின்னால் தடித்த பிளைவுட் இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சான்றிதழில் தர எண் (ஐரோப்பாவில் பலகைகளுக்கு இ.என். 13501-1, அமெரிக்காவில் துணிகளுக்கு என்.எஃப்.பி.ஏ. 701), பொருளின் பெயர், தடிமன் மூன்றும் உங்கள் பலகையோடு பொருந்த வேண்டும். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் கொஞ்சம், பட்டறையில் நின்ற பிறகு கொஞ்சம், கூடத்தின் ஆய்வில் தேறிய பிறகு மீதி. கடைசிப் பங்கு ஒப்பந்தக்காரருக்கு உறைக்கிற அளவில் இருக்கட்டும்.

மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்கிறார்களா? இணைப்பு எதனால் என்று கேளுங்கள். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் நேராகத் திருகினால் பலகை பிளக்கும், கழற்றி மாட்டக் கழற்றி மாட்டத் துளை தளர்ந்து பிடிமானம் போய்விடும். டீ நட்டும் (பலகைக்குள் பதிக்கும் உலோக மரை) போல்ட்டும் போட்ட பேனல் பல கண்காட்சிகளைத் தாங்கும். மூன்று கண்காட்சிக்கு வரும் என்று எங்களுக்குச் சொன்ன பேனல்களில் இரண்டு, முதல் முறை கழற்றும்போதே விளிம்பு பிளந்துவிட்டன.

மீதி 30 சதவீதத்தைக் கேட்டு அவர் பிறகு அழைத்தார். பின்பக்கப் படங்களையும் அந்தச் சான்றிதழையும் அனுப்பி, எது எனக்குச் சொன்ன பொருள் என்று கேட்டேன். பதில் இல்லை. பணமும் போகவில்லை. அந்தப் படங்களும், அடுத்த ஒப்பந்தத்துக்காக நான் எழுதி வைத்திருக்கும் நிபந்தனைகளும் என்னிடம் இருக்கின்றன. ஸ்டால் போடப் போகிறவர்கள் யார் கேட்டாலும் அனுப்புகிறேன்.