கவுண்ட் ஏற்றுவதாகச் சொன்ன ஊசி கவுண்டைப் பூஜ்ஜியமாக்கிய விதம்

‘கவுண்ட் கம்மி’, அதாவது விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்த ஆணுக்கு யாராவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். குழந்தை வேண்டும் என்று வந்தவருக்குக் கொடுக்கவே கூடாத மருந்து அது. ஆனாலும் கொடுக்கிறார்கள். அதனால் வந்த பூஜ்ஜியத்தைக் காட்டி இன்னொரு இடத்தில் இக்சி (ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சை) பேக்கேஜும் விற்கிறார்கள். கீழே வருவது ஒரு தம்பதியின் ஃபைலில் இருப்பது. அவர்கள் சம்மதத்தோடு, ஊர் பெயர் இல்லாமல்.

கணவருக்கு வயது 33, கல்யாணமாகி மூன்று வருடம். பார்க்கிறவர்கள் எல்லாம் “விசேஷம் ஏதும் இல்லையா?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் டெஸ்ட்டுக்குப் போனார்கள். முதல் ரிப்போர்ட்டில் அளவு 0.8 மில்லி, கவுண்ட் மில்லிக்கு 9 மில்லியன், அசைவு 35 சதவீதம். தாளின் மேல்பாதியைப் பாருங்கள்: ‘உறவு இல்லாத நாட்கள்’ என்ற இடம் காலி. மாதிரி எடுத்த நேரம் காலி. பரிசோதித்த நேரமும் காலி. முதலில் வந்தது டப்பாவில் விழவில்லை என்று அவர் லேபில் சொல்லியிருக்கிறார், யாரும் எழுதவில்லை. விந்தணுக்களில் பெரும்பங்கு அந்த முதல் பகுதியில்தான் வரும். அது தரையில் போய்விட்டால் மிச்சத்தை எண்ணி என்ன பயன்?

முறைப்படி என்றால் 2 முதல் 7 நாள் இடைவெளி, அகலவாய் உள்ள சுத்தமான டப்பா, முழு மாதிரி. எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக் கூடாது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இது பாஸ் மார்க் அல்ல. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே கடைசி 5 சதவீதம் பேர் இதற்குக் கீழேதான் இருந்தார்கள். ‘வடிவம் 4 சதவீதம்தானா!’ என்று கலங்கி வருபவர்கள்தான் அதிகம். அது நார்மல். ஒரு ரிப்போர்ட் குறைந்து வந்தால் சில வாரம் கழித்து இன்னொன்று எடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். இரண்டு மாதம் முன்பு அடித்த காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

இந்தக் கணவருக்கு இரண்டாவது டெஸ்ட் எடுக்கவில்லை. சாயந்திரம் 4 மணிக்கு ரத்தம் எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் 290 என்று வந்ததும், “ஹார்மோன் கம்மி சார், அதான் கவுண்டும் கம்மி. ஊசி போட்டா ஏறிடும்” என்றார்களாம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது சாயச் சாய இறங்கும் ஹார்மோன். 10 மணிக்குள் எடுக்காத டெஸ்ட்டை வைத்துக் குறை என்று சொல்லவே கூடாது.

இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 250 மில்லிகிராம், மொத்தம் 12 ஊசி. தெம்பு வந்தது, தசை ஏறியது, அவரும் நம்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் ஒரு விந்தணுகூட இல்லை.

ஏன் இப்படி? விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு. அந்தச் செறிவில்தான் விந்தணு விளையும். விரையை வேலை வாங்குவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்கள். வெளியிலிருந்து ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு ஏறுகிறது. ‘போதும்’ என்று பிட்யூட்டரி அந்த இரண்டையும் நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் நிறைய, விரைக்குள் வறட்சி. உலக சுகாதார அமைப்பு வாரம் 200 மில்லிகிராம் என்ற கணக்கில் இதே ஹார்மோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதித்து, 1990-இல் முடிவை வெளியிட்டது. கருத்தடைக்குச் சோதித்த மருந்தைக் குழந்தைக்காகக் குத்தியிருக்கிறார்கள். ஜிம்மில் கோச் போட்டுவிடும் ஊசியும் இதே வேலையைத்தான் செய்யும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து போன சென்டரில் ஹார்மோன் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். ஃபைலில் அந்தத் தாள் இருக்கிறது: எஃப்எஸ்ஹெச் 0.3, எல்ஹெச் 0.1 என்று இரண்டுமே அடிமட்டம், டெஸ்டோஸ்டிரோன் மட்டும் 900-க்கு மேல். பயிற்சி மாணவன் பார்த்தால்கூட “வெளியிலிருந்து ஊசி போட்டீர்களா?” என்றுதான் முதலில் கேட்பான். இங்கே கேட்கவில்லை. விரையிலிருந்து விந்தணு எடுத்து இக்சி செய்யலாம் என்று, முன்பணம் 50,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நின்றுபோன ஆலையைக் கீறித் தேட நாள் குறித்தாகிவிட்டது.

விந்தணு பூஜ்ஜியம் என்றால் அது ஒரே நோய் அல்ல. முதலில் மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படிந்ததையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. எஃப்எஸ்ஹெச் ஏறி, விரை சிறுத்திருந்தால் உற்பத்தியில் கோளாறு. குரோமோசோம் டெஸ்ட்டும் ஒய் குரோமோசோம் நுண்குறைபாட்டு டெஸ்ட்டும் எடுத்த பிறகே கத்தி. ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப் ஏ அல்லது பி என்ற பகுதி முழுவதும் இல்லை என்று வந்தால் கீறியும் ஒன்றும் கிடைக்காது. எஃப்எஸ்ஹெச் நார்மல், விரையும் நல்ல அளவு என்றால் பாதையில் அடைப்பாக இருக்கலாம். கூடவே விந்தின் அளவு குறைவு, அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் (விந்தில் இருக்க வேண்டிய சர்க்கரை) இல்லை என்றால் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாமல் இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்கூட வேண்டாம். விரைப்பைக்கு மேலே இரண்டு விரலால் உருட்டினால் விறைப்பான சணல் நூல் போல அகப்பட வேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் இக்சிக்கு முன் கணவன் மனைவி இருவருக்கும் இந்தப் பிறவிக் குறையோடு தொடர்புள்ள சிஎஃப்டிஆர் மரபணுவின் டெஸ்ட் அவசியம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டுமே அடிமட்டம் என்றால் பிட்யூட்டரிக் கோளாறு, அல்லது வெளி ஊசி. ஆண் குழந்தையின்மையில் மருந்தாலேயே நன்றாகச் சரியாகிற வகை இதுதான். அதைப் போய்க் கீறப் பார்த்தார்கள்.

இரண்டு இடத்திலும் அவரை நிற்க வைத்து விரையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் பெரிய கோபம். மூன்றாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட் இருமச் சொல்லிப் பார்த்தபோது இடது பக்கம் வெரிகோசீல் (விரைக்கு மேலே ரத்தநாளம் புடைத்திருப்பது) கையிலேயே அகப்பட்டது. கையில் அகப்பட்டு, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிவதை வைத்து ஆபரேஷன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடுவில் மாதம் 2,800 ரூபாய்க்கு ஆண்மைப் பவுடரும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையும் வேறு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,370 ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் அல்லது வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் நிறுத்திவிட்டு யூராலஜிஸ்ட்டையோ எண்டோகிரைனாலஜிஸ்ட்டையோ பாருங்கள். சோர்வும் மனச்சோர்வும் சில வாரம் இருக்கும். அதைத் தாங்காமல் மறுபடி ஊசிக்குப் போவதுதான் பலர் செய்யும் தவறு. மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். தேவைப்பட்டால், எல்ஹெச் போலவே விரையைத் தூண்டும் ஹெச்சிஜி ஊசி கொடுப்பார்கள். மனைவிக்கு 37, 38 வயது என்றால் மட்டும் இப்படிக் காத்திருப்பதே நஷ்டம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும்.

முன்பணம் கட்டும் முன், இக்சி போன்ற சிகிச்சை தரும் சென்டர்களுக்கான 2021 சட்டப்படி பதிவான சென்டரா என்று பாருங்கள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர்கள் எதுவும் செய்யக் கூடாது. ஃபைலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு.

இந்தத் தம்பதிக்கு ஊசி நிறுத்தி ஏழாம் மாதம் எடுத்த டெஸ்ட்டில் மில்லிக்கு 11 மில்லியன், மாதிரி முழுதாக. அந்த 50,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை.