கன்னா, பாட்டா, பெட்டியா? வீட்டில் கார் துரு உரிக்க எது தோது

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. நம்ம சென்னையிலேயே தயாரான வண்டி. சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் துண்டு துண்டாக வந்துவிடும் என்பதால் வீட்டில் வைத்து வேலை பார்க்க வசதி. துருவை உரிக்க மூன்று கருவிகளையும் பிடித்துப் பார்த்தாயிற்று: கையில் பிடிக்கும் கன், அழுத்தத் தொட்டியான பிரஷர் பாட், மூடிய பெட்டி. மூன்றுமே கம்ப்ரசர் அழுக்கித் தரும் காற்றில் மணலை வீசித் துருவை உரிக்கும் பிளாஸ்டிங் கருவிகள். மணல் என்று நான் சொல்வது இதற்கான பொடியை, ஆற்று மணலை அல்ல. கடைக்காரர் கன்னைத்தான் காட்டுவார். நீங்கள் முதலில் கம்ப்ரசரைப் பாருங்கள்.

கணக்கு இதுதான். 3 மி.மீ. வாய் உள்ள நாசிலுக்கு 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று வேண்டும். வாய் தேய்ந்து 5 மி.மீ.யை நெருங்கினால் அதுவே 38. கம்ப்ரசரோ, ஒரு எச்.பி.க்கு 3, மிஞ்சினால் 4 கன அடிதான் தரும். டப்பாவில் அச்சடித்திருக்கும் பெரிய எண், பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்று. வெளியே வருவது அதைவிடக் குறைவு.

என்னிடம் இருந்தது 2 எச்.பி. முதலில் வாங்கியது சைஃபன் கன், அதாவது காற்றே மணலை உறிஞ்சி இழுக்கும் கன். டிரிகரை அழுத்தினால் கேஜ் முள் 90-இல் இருந்து 40-க்கு மளமளவென்று இறங்கும். அப்புறம் டீ குடித்துவிட்டு வரலாம். கைப்பிடி, பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு அது போதும். கதவை உரிக்க உட்கார்ந்தால் பொங்கல் வந்துவிடும்.

பிரஷர் பாட் வேறு ஜாதி. தொட்டிக்குள்ளேயே அழுத்தம் இருப்பதால் மணலைக் காற்று உறிஞ்சி இழுக்க வேண்டியதில்லை. அதே காற்றில் மூன்று நான்கு மடங்கு வேகம். ஆனால் 5 எச்.பி.க்குக் குறைந்த கம்ப்ரசரோடு இதை வாங்குவது வீண். அந்த அளவுக்குப் போனால் பெரும்பாலும் மும்முனை இணைப்பும் தேவைப்படும். கையை விட்டால் தானே நிற்கும் வால்வு இல்லாத பாட்டை வாங்கவே வேண்டாம். அழுத்தத்தை முழுக்க இறக்காமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

சென்னையின் தனித் தொல்லை ஈரம். இங்கத்திய காற்றை அழுக்கினால் தண்ணீர் கொட்டும். ஐப்பசி மழையில் என் பிரஷர் பாட்டுக்குள் இருந்த கார்னெட் (பிளாஸ்டிங் பொடி) உப்புமா மாதிரி கட்டியாகி நாசிலை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசர் வாயிலேயே வாட்டர் டிராப்பை (காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது) மாட்டினேன்; காற்று சூடாகவே வந்ததால் நீராவி தப்பித்துவிட்டது. நீளமான ஹோஸ் போட்டு, காற்று ஆறிய இடத்தில் டிராப்பை வைத்த பிறகுதான் சரியானது.

பெட்டி, அதாவது கேபினெட், எனக்கு மிகவும் பிடித்தது. கன் அதே சைஃபன்தான். ஆனால் தூசி உள்ளேயே அடங்கும், மணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கார்புரேட்டர் பாடி மாதிரி அலுமினியச் சாமான்களுக்குக் கண்ணாடி மணி போடுங்கள். துளைகளை முன்பே அடைத்துவிட வேண்டும். ஒரே ஒரு மணி பேரிங் பக்கம் போனாலும் சோலி முடிந்தது. பெட்டியில் நுழையாத சாமானுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

பெட்டி வாங்குவதற்கு முன், ஒரு நாள் மொட்டை மாடியில் வைத்து வீல்களை உரித்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி ஒரு தட்டோடு வந்து, “வடாத்துல மண்ணு கடிக்கறதேப்பா” என்றார். வடாத்தோடு போனது அதிர்ஷ்டம். ஆற்று மணலையோ கடல் மணலையோ பிளாஸ்டிங்கில் போடவே கூடாது. உடைந்த சிலிகா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும், போனது திரும்பாது. பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். கர்ச்சீப் கட்டிக்கொள்வது இதற்கெல்லாம் முகமூடி ஆகாது. பிரஷர் பாட்டோடு வேலை என்றால் வெளிக்காற்று வரும் ஹூட் (தலையை மூடும் கவசம்) வேண்டும்.

மணலுக்குப் பதில் சோடா பவுடர் போட்டால் பெயின்ட்டை அழகாக உரிக்கும், தகடு நெளியாது. துருவை மட்டும் அசைக்காது. நம் ஊர் வண்டியில் துருவைத் தவிர என்ன இருக்கிறது? தண்ணீர் கலந்து அடிக்கும் முறையில் தூசி குறைவு. ஆனால் நீங்கள் ஹோஸைச் சுருட்டுவதற்குள் தகடு மஞ்சளாகிவிடும்.

பானெட், கூரை, கதவுத் தகடு ஆகிய மூன்றிலும் இவற்றில் எதையும் நான் தொடுவதில்லை. மணல் அடி விழும் பக்கம் தகடு விரிந்து அலை அலையாகிவிடும். பிறகு டிங்கர் கையிலும் நேராகாது. அங்கே பெயின்ட் ரிமூவரும் ஸ்ட்ரிப் டிஸ்க்கும் (சுழன்று உரிக்கும் வட்டு)தான்.

சேஸிஸை மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்கும். அவர்கள் அரை நாளில் முடித்தார்கள். காலையில் கொடுத்து, அங்கேயே அன்றைக்கே எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துத் தரச் சொல்லிவிடுங்கள். வெறும் இரும்பாக வீட்டுக்குக் கொண்டுவந்தால், வியர்வைக் கையால் எங்கெங்கே தூக்கினீர்களோ அங்கெல்லாம் மறுநாள் விரல் ரேகை துருவில் தெரியும்.