பைத்தான் ஷெல்லா, ஐபைத்தானா?

பைத்தான் நிரல்மொழியில் எழுதிய நாலு வரியைச் சோதித்துப் பார்க்கத் தனிக் கோப்பு எதற்கு? பைத்தானோடு கூடவே வரும் ஷெல், தட்டிய வரியை உடனே ஓட்டி விடையைக் காட்டும் இடம். // என்பது வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் குறி; அங்கே 7 // 2 என்று தட்டினால் 3 வரும், -7 // 2 என்றால் -4. சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். முன்பெல்லாம் ஃபங்ஷனில் ஒரு பிழை என்றால் வரிவரியாகத் திரும்ப எடுத்துத் திருத்த வேண்டும். 2024-ல் வந்த 3.13 பதிப்பில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முழு ஃபங்ஷனும் திருத்தத் தயாராக வந்துவிடுகிறது. பெரிய நிம்மதி அது.

2001-ல் ஃபெர்னாண்டோ பெரெஸ் தொடங்கிய ஐபைத்தான், கூடுதல் வசதிகள் கொண்ட இன்னொரு ஷெல்; அதைத் தனியாக நிறுவ வேண்டும். ஆனால் ஒரு ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும். அது பைத்தானிலேயே எழுதப்பட்டதென்றால், இரண்டு போட்டால் மூல நிரலே வரும். எந்த வரி வேகமானது என்பதை %டைம்இட் (%timeit) என்ற கட்டளை பலமுறை ஓட்டி அளந்து சொல்லும். தினமும் டேட்டாவோடு மல்லுக்கட்டுபவர்கள் யோசிக்காமல் இதை நிறுவிக்கொள்ளலாம். சர்வரில் அவசரமாக ஒன்றைப் பார்க்க மட்டும் சாதா ஷெல்லே போதும்.