பாட்டியின் நினைவுப் புத்தகத்துக்கு எப்சன் பர்ஃபெக்‌ஷன் வி600 ஸ்கேனர்: வாங்கலாமா?

புலம்பெயர்ந்து வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணிக்கு நினைவுப் புத்தகம் போட உட்கார்ந்தால், கையில் இருப்பவை பெரும்பாலும் துண்டு துக்காணிகள்தான்: பழைய கடவுச்சீட்டு, இருபுறமும் நுணுக்கி எழுதிய விமானத் தபால், ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய கல்யாணப் படம், ஒரு உறை நெகட்டிவ். இவற்றை மொபைலில் எடுத்தால் திரையில் நன்றாகத்தான் இருக்கும். தாளில் ஏறும்போது பல்லிளிக்கும். வி600 இந்த வேலைக்குத் தோதான கருவி. ஆனால் அதன் தானியங்கி வசதிகளில் பாதியை அணைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

இதில் இருப்பது சிசிடி உணரி, அதாவது லென்ஸ் வழியாகப் படத்தைப் படிக்கும் வகை. கண்ணாடியை ஒட்டியே இருக்கும் சிஐஎஸ் உணரி வைத்த மெல்லிய ஸ்கேனர்களில், தாள் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே மங்கிவிடும். வி600 அந்த இடைவெளியை ஓரளவு தாங்கும் என்பதால், கடவுச்சீட்டின் முதுகை அழுத்தி உடைக்காமலே நடுமடிப்பு ஓரத்து முத்திரைத் தேதியைப் படித்துவிடலாம். எந்த ஆண்டில் எந்த நாட்டுக்குள் நுழைந்தார் என்பதற்கு உறவினர் நினைவை விட அந்த முத்திரையே நம்பகமானது. சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 6400 டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) மறந்துவிடலாம். 35 மிமீ நெகட்டிவில் 3200க்கு மேல் போனால் விவரம் கூடாது, கோப்புதான் வீங்கும். 6400இல் ஒரே பிரேம் சுருக்காமல் சேமிக்கும் 24 பிட் டிஃப் (TIFF) கலர் கோப்பாக 160 எம்பியைத் தாண்டும். 4x6 அங்குலப் படத்துக்கு 600 போதும், 8x12 அங்குலம் வரை பெரிதாக்கி அச்சிடலாம். 35x45 மிமீ கடவுச்சீட்டுப் படத்தை மட்டும் 1200இல் எடுங்கள். ஐந்தரை அங்குல அகலம் வரை தாங்கும். இளவயதில் அவர் தனியாக, நேராகப் பார்க்கும் ஒரே படம் பல வீடுகளில் அதுதான்.

இனி, அணைக்க வேண்டியவை. படத்தைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் முறை வெள்ளை ஓரத்தைச் சீவிவிடும். மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பது அங்கேதான். தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி, கலர் நெகட்டிவில் அருமை. வெள்ளிப் பூச்சுள்ள கருப்பு வெள்ளை நெகட்டிவில் அதைத் தொடவே கூடாது: அகச்சிவப்பு ஒளியை வெள்ளி மறித்துவிடும், மென்பொருள் முகத்தையே தூசி என்று நினைத்துச் சிதைக்கும். தானியங்கி ஒளியமைப்பு மாநிறத்தை வெளுப்பாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. பாட்டியைப் பாட்டியின் நிறத்திலேயே விடுங்கள். நிறம் மீட்கும் வசதி சிவந்துபோன பழைய கலர் படங்களுக்கு உதவும்தான், ஆனால் மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியில் செய்து பாருங்கள்.

விமானத் தபாலில் மறுபக்க மை ஊடுருவித் தெரிந்தால், பின்னால் ஒரு கருப்புத் தாளை வையுங்கள், பெருமளவு அடங்கிவிடும். படங்களின் பின்பக்கத்தையும் விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய பென்சில் எழுத்து 400 டிபிஐ கிரேஸ்கேலில் (கலர் இல்லாத சாம்பல் நிற முறையில்) கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மேலே வரும். முன், பின் இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள், இல்லையென்றால் எந்தக் குறிப்பு எந்தப் படத்துக்கு என்று பிறகு அல்லாட வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்கேன் செய்யும் கண்ணாடித் தட்டு ஏ4க்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பெரிய ஆல்பப் பக்கத்தை இரண்டு முறை எடுத்து ஒட்ட வேண்டும். ஆனாலும் படங்களைப் பிரிக்கும் முன் பக்கத்தை முழுதாக எடுத்துவிடுங்கள், யாருக்குப் பக்கத்தில் யாரை அவர் ஒட்டிவைத்தார் என்பதும் ஒரு தகவல். சொரசொரப்பான ஸ்டுடியோ தாளில் புள்ளி புள்ளியாக மின்னும் ஒளியை இது சமாளிக்காது. படத்தை 180 டிகிரி திருப்பி மறுமுறை எடுத்து, இரண்டையும் மென்பொருளில் இணைத்தால் குறையும்.

நெகட்டிவே இல்லை, எல்லாம் நல்ல நிலையிலுள்ள அச்சுப் படங்கள் என்றால் இந்தச் செலவு வீண். சாதாரண ஸ்கேனர் போதும். பழையதாக வாங்குபவர்கள் மூன்றைப் பாருங்கள்: மூடியிலுள்ள ஃபிலிம் விளக்கு எரிகிறதா, ஃபிலிம் ஹோல்டர்களின் பிளாஸ்டிக் நாக்குகள் உடையாமல் இருக்கின்றனவா, கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் மங்கியிருக்கிறதா. கடைசியது இருந்தால் ஸ்கேனரைத் திறந்துதான் துடைக்க வேண்டும்.