தலைமையாசிரியர் பயிற்சி: ஆய்வுகளை ஒப்பிடும் என் எக்செல் தாள், பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுப்பது என் வேலை. எந்த ஆய்வை நம்பிப் பயிற்சியை அமைப்பது என்று முடிவெடுக்க ஓர் எக்செல் தாள் போட்டேன். ஆய்வுக்கு ஒரு வரி. எந்தத் தலைமைப் பாணி, எத்தனை பள்ளிகள், எதை அளந்தார்கள், பதில் சொன்னது யார், ஒப்பீட்டுக்கு வேறு பள்ளிகள் இருந்தனவா என்று நெடுவரிசைகள். பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இதில் எனக்கு அதிகம் உதவியது ‘பதில் சொன்னது யார்’ என்ற நெடுவரிசைதான்.

2015இல் வெளியான, அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆய்வைப் பாருங்கள். கிராமப்புறப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியின் தலைமையாசிரியர்களுக்கு மட்டும் ‘பேலன்ஸ்ட் லீடர்ஷிப்’ என்ற தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் திறமை கூடியிருக்கிறது, பள்ளியில் கற்பித்தல் சூழலும் மேம்பட்டிருக்கிறது என்றார்கள். அதே பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால், சூழலில் மாற்றமே தெரியவில்லை. மாணவர் மதிப்பெண்ணும் நகரவில்லை. ஆனால் தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் அதே பள்ளியில் தொடர்வது கூடியது. தலைமையாசிரியர் நிரப்பிய கேள்வித்தாளை மட்டும் நம்பியிருந்தால் இது வெற்றிக் கதையாகப் பதிவாகியிருக்கும். பயிற்சி முடிந்த கையோடு வாங்கும் கருத்துப் படிவங்களை நான் பலனுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

பாணிகளை ஒப்பிடும்போது எல்லோரும் கையில் எடுப்பது ராபின்சன், லாயிட், ரோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2008இல் செய்த தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு. கற்பித்தலை மையமாகக் கொண்ட தலைமையின் விளைவு 0.42, ஊழியர்களுக்கு உத்வேகம் தந்து பொது இலக்கை நோக்கி இழுக்கும் உருமாற்றத் தலைமையின் விளைவு 0.11 (எண் பெரிதானால் மாணவர் கற்றலோடு தொடர்பு வலுவானது). இந்த இரண்டு எண்ணை வைத்தே ‘எது சிறந்தது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருமாற்றத் தலைமைக்கான கேள்விகள் பெரும்பாலும் தலைவருக்கும் ஊழியர்களுக்கும் உள்ள உறவைப் பற்றியவை. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. அப்படியிருக்க, மாணவர் கற்றலோடு தொடர்பு குறைவாகத் தெரிவதில் வியப்பில்லை. அதே ஆய்வின் இரண்டாம் பகுதிதான் எனக்குப் பொக்கிஷம். ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் கலந்துகொள்ளும் தலைமைக்கு 0.84. சில ஆய்வுகளிலிருந்து மட்டும் வந்த எண் அது, அதனால் அடைப்புக்குறிக்குள்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் அது பாணியின் பெயரைச் சொல்லாமல் செயலைச் சொல்கிறது.

செயலிலும் நுணுக்கம் உண்டு. அமெரிக்காவின் மயாமியில் தலைமையாசிரியர்களின் பின்னாலேயே நாள் முழுக்கச் சென்று குறிப்பெடுத்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. ஆசிரியருக்குப் பக்கத்தில் இருந்து பயிற்றுவிப்பதற்கும் மாணவர் முன்னேற்றத்துக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. வகுப்பறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் சுற்றுகளிலோ தொடர்பு எதிர்த்திசையில் இருந்தது, குறிப்பாக உயர்நிலைப் பள்ளிகளில். ‘கற்பித்தல் தலைமை’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அதனால் இப்போது பாணி நெடுவரிசையில் பெயருக்குப் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்றும் ஒரு வரி எழுதுகிறேன்.

தாளுக்குள் சரியாக அடங்காதது காலம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பொருளாதார ஆய்வாளர் ரோலண்ட் ஃப்ரையர் நடத்திய சோதனையில் இரண்டு வருடங்களில் 300 மணிநேரப் பயிற்சி: பாடத் திட்டமிடல், மதிப்பெண் தரவை வைத்துக் கற்பித்தல், ஆசிரியரைக் கவனித்து வழிகாட்டுதல். முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் மாணவர் அடைவு உயர்ந்தது, இரண்டாம் வருடம் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பலனுக்குக் காரணம், இரண்டு வருடமும் பதவியில் நீடித்தவர்கள்தான் என்பது அவர் வாதம். இதை ஒரே கட்டத்தில் ‘பலன் உண்டு’ என்று எப்படி எழுதுவது? வருடத்துக்கு ஒரு வரியாகப் பிரித்தேன், அப்புறம் ‘பயிற்சி பெற்றவர் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறாரா’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். நிறைய ஆய்வுகளுக்கு அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடக்கிறது.