பம்பரில் ஓட்டை போட்டு ‘ராம் ஏர்’ பைப் வைத்திருக்கிறீர்களா? மழைக்கு முன்னால் இதைப் படியுங்கள்

‘ராம் ஏர் இன்டேக்’ என்பது ஓடும் வண்டியின் முகத்தில் மோதும் காற்றை நேராக எஞ்சினுக்குள் கொண்டுபோகும் பைப். சென்னைப் புறநகரில் ஒரு கார் மாடிஃபிகேஷன் கடை அந்தப் பெயரில் என் காரில் மாட்டியது வீட்டுக் கழிவுநீர் பைப். அதில் போடாத ஒரு வால்வுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். சாதாரண மழையில் எஞ்சின் போய்விட்டது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் வேறு இடங்களிலும் இருக்கலாம் என்பதால், எதைப் பார்க்க வேண்டும், எதை நம்பக் கூடாது என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓவர்டேக் செய்யும்போது இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நல்ல ஏர் ஃபில்டர் ஒன்று கேட்டுத்தான் போனேன். கடைக்காரர் பானட்டைத் திறந்து கம்பெனி ஏர் பாக்ஸைத் தட்டிக் காட்டினார். “ப்ரோ, எஞ்சின் மூச்சு விடவே கஷ்டப்படுது. கம்பெனிக்காரன் மூக்கை அடைச்சு வெச்சிருக்கான். தொறந்து விட்டா 12லேர்ந்து 15 பிஎச்பி உறுதி” என்றார். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் போட்டு எடுத்த பிரின்ட் என்று ஒரு தாளையும் நீட்டினார். மழையில் தண்ணீர் உள்ளே போகாதா என்று கேட்டேன். “அதுக்குத்தான் பைபாஸ் வால்வு போடுறோம்ல. ஃபில்டர் முங்கினாலும் வால்வு தொறந்து மேலேர்ந்து காத்து எடுத்துக்கும். நூறு வண்டிக்குப் போட்டிருக்கேன்.” இன்சூரன்ஸ்? “ஃபில்டர் மாத்துறதுக்கெல்லாம் எவன் கேக்கப் போறான்?”

பில் இப்படி இருந்தது: ராம் ஏர் கிட் 19,000, வாட்டர் பைபாஸ் வால்வு 4,500, ஃபிட்டிங் 3,000. மொத்தம் 26,500 ரூபாய். இப்போது வழக்கைத் தாங்கி நிற்பது இந்தத் தாள்தான்.

என் வேரியன்ட்டில் ஃபாக் லைட் கிடையாது. அந்த இடத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை அறுத்து ஒரு புனல் வைத்தார்கள். அதன் பின்னால் கூம்பு ஃபில்டர், அங்கிருந்து ரேடியேட்டரை ஒட்டி மேலே ஏறி, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வரைக்கும் வளைந்து வளைந்து போகும் கறுப்பு பைப். நடுவில் பளபளவென்று ஓர் அலுமினிய வளையம், அதுதான் வால்வாம். பழைய ஏர் பாக்ஸைக் கேட்டதற்கு, “எக்ஸ்சேஞ்சுல கழிச்சுட்டோம் ப்ரோ” என்றார்கள். பில்லில் அப்படி எதையும் கழிக்கவில்லை.

எடுத்து ஓட்டினால் சத்தம் பிரமாதமாக இருந்தது. ஏமாற்று வேலையின் பாதி இந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. கம்பெனி ஏர் பாக்ஸில் உறிஞ்சும் சத்தத்தை அடக்க ரெசனேட்டர் என்று ஒரு வெற்று அறை வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் உறுமும், வண்டி பறக்கிற மாதிரி தோன்றும். ஆனால் மூன்றாவது கியரில் 40லிருந்து 80 வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தபோது முன்னால் இருந்ததற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

நண்பர் ஒருவர் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைப் போனில் இணைத்து, த்ராட்டிலைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் காட்டினார். வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் 100 கி.மீ. வேகத்தில் முழுதாக மிதித்துப் பார்த்தோம். மெதுவாகப் போகும்போது முழுதாக மிதித்தால் வரும் அதே எண்தான் வந்தது. அந்த அளவீடு ஒரு கிலோபாஸ்கல் ஒரு கிலோபாஸ்கலாகத்தான் மாறும். 100 கி.மீ. வேகத்தில் ராம் ஏர் கூட்டித் தரும் அழுத்தம் அரை கிலோபாஸ்கல்கூட இல்லை. அப்புறம் எப்படித் தெரியும்?

இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஓடும் வண்டியின் முகத்தில் காற்று மோதும்போது அங்கே அழுத்தம் கூடுவது உண்மைதான். எவ்வளவு கூடும்? காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 100 கி.மீ. என்பது நொடிக்குச் சுமார் 28 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்தால் 460 பாஸ்கலுக்குக் கொஞ்சம் கூட வரும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். ஆக, கூடுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. 80 பிஎச்பி எஞ்சினில் அது அரை பிஎச்பிகூட ஆகாது. அதுவும் மோதுகிற காற்று ஒரு துளி கசியாமல் எஞ்சினுக்குப் போனால்தான். என் காரில் ஃபில்டர் பம்பருக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, சுற்றிலும் இடைவெளி. புனலில் வந்த காற்று அந்த இடைவெளி வழியாகவே போய்விடும். நகரத்துக்குள் 40 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டால் வருவது வெறும் 75 பாஸ்கல்.

ராம் ஏர் என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 200 கி.மீ. வேகத்தில் அது 1.8 சதவீதம், 300 கி.மீ. வேகத்தில் 4 சதவீதம். அதனால்தான் ஃபார்முலா 1 கார்களில் ஓட்டுநரின் தலைக்கு மேலே காற்று வாய் வைத்திருக்கிறார்கள். கவாஸாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் பைக்கின் 2021 மாடலுக்கு, ராம் ஏர் இல்லாமல் 203 பிஎஸ், ராம் ஏருடன் 213 பிஎஸ் (பிஎச்பி போன்ற இன்னொரு குதிரைசக்தி அளவு) என்று கம்பெனியே இரண்டு எண்களைப் போடுகிறது. ஆனால் அதில் காற்று வாயிலிருந்து ஏர் பாக்ஸ் வரை எல்லாம் இறுக்கமாக மூடியிருக்கும், பைக்கும் பந்தய வேகத்தில் போக வேண்டும். அமெரிக்காவில் 1960களில் போன்டியாக் கார்களில் ‘ராம் ஏர்’ என்ற பெயரில் வந்தபோதும் காற்று வாய் பானட்டின் மேல்தான் இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: இதையெல்லாம் சரியாகச் செய்தவர்கள் காற்று வாயை உயரத்தில் வைத்தார்கள். இவர்களில் யாரும் ரோட்டை ஒட்டி வைக்கவில்லை.

அந்த டைனோ தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டைனோவில் கார் உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே நிற்கும், சக்கரம் மட்டும் சுற்றும். முன்னால் ஒரு ஃபேன் ஓடும், அவ்வளவுதான். வண்டி நகராத இடத்தில், வண்டி வேகமாக நகர்வதால் மட்டுமே கிடைக்கும் அழுத்தத்தை எப்படி அளக்க முடியும்? ராம் ஏருக்கு டைனோ ரிசல்ட் என்று யாராவது தாள் நீட்டினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். எனக்குக் காட்டிய தாளில் வண்டி நம்பர் இருந்த இடம் மடித்து ஜெராக்ஸ் எடுக்கப்பட்டிருந்தது.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்கான மழை இல்லை அது. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, சக்கரத்தில் கால்வாசிகூட நனையாத அளவு. எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ தாராளமாகப் போனது. எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை என் பம்பரில் மோதிய கணம், ‘டங்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி செல்ஃப் அடிக்கவில்லை, தள்ளி ஓரம் கட்டி டோ வண்டியை வரவழைத்தேன். நண்பர்களே, தண்ணீரில் எஞ்சின் நின்றால் தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். இன்னும் ஒரு முறை செல்ஃப் அடித்தால் தப்பித்த சிலிண்டர்களுக்கும் அதே கதிதான்.

எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். அதற்குப் பிறகுதான் செல்ஃப் கொடுத்தார். இரண்டாவது சிலிண்டரின் பிளக் ஓட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி பானட்டின் உள்பக்கம் அடித்தது. மூன்றாவதிலிருந்தும் கொஞ்சம் வந்தது. பிறகு ஒரு வெல்டிங் ராடை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ராடை நகத்தால் பிடித்து அளந்தார். மூன்று சிலிண்டரில் ஒரே அளவு. இரண்டாவதில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நின்றது. “கனெக்டிங் ராடு வளைஞ்சிடுச்சு தம்பி, எஞ்சின் இறக்கணும்” என்றார். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு அது. ஆயில் ஸ்டிக்கை உருவினார், ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தது.

இதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. கம்ப்ரஷன் விகிதம் 11 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 30 மில்லிதான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. 30 மில்லிக்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லை, கனெக்டிங் ராடு வளையும். கம்பெனிக்காரன் காற்று வாயை ரேடியேட்டருக்கு மேலே, பானட் விளிம்புக்குக் கீழே வைத்து, ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் விட்டிருந்தான். அதைப் பிடுங்கித் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு இறக்கியவர்கள் இவர்கள்.

அண்ணன் அந்த பைப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். ஹோஸ் கிளிப் இருந்த இடத்தில் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் உரிந்து சாம்பல் நிறம் தெரிந்தது. தின்னர் துணியால் துடைத்தோம். ஐஎஸ்ஐ முத்திரை, 75 எம்எம், எஸ்டபிள்யூஆர் என்ற எழுத்துகள் வரிசையாக வந்தன. பாத்ரூம் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடும் பிவிசி பைப். எல்போக்களை சொல்யூஷன் தடவி ஒட்டி, இடைவெளியை எம்-சீல் வைத்துப் பூசியிருந்தார்கள். பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகும். ரேடியேட்டர் ஃபேனை ஒட்டிய இடத்தில் பைப் ஏற்கெனவே தொய்ந்திருந்தது. ரம்பத்தில் அறுத்த துருவல்களை உள்ளே ஊதிக்கூடச் சுத்தம் செய்யவில்லை. த்ராட்டில் தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறச் சுருள்கள் ஒட்டியிருந்தன. ஃபில்டரைத் தாண்டிய பிறகு இருப்பவை அவை, எஞ்சினுக்குள் எத்தனை போயிற்றோ.

கடைசியில் அந்த வால்வு. நிஜமான பைபாஸ் வால்வு என்றால் பைப்பின் மேல்பகுதியில் திறப்பு இருக்கும், உள்ளே ரப்பர் மடிப்புகள் இருக்கும். ஃபில்டர் தண்ணீரில் மூழ்கி உறிஞ்சல் அதிகமானால் மடிப்பு விலகி மேலேயிருந்து காற்று வரும். அண்ணன் அலுமினிய வளையத்தின் திருகைக் கழற்றி அதை உருவினார். கீழே முழு பைப். ஓர் ஊசித் துளைகூட இல்லை. அந்த வெறும் வளையத்துக்குத்தான் 4,500 ரூபாய். பிக்கப் வரவில்லை என்பதைக்கூட நான் விட்டுவிடுவேன். தண்ணீர் புகாது என்று சொல்லி, அதற்கென்று தனியாகக் காசும் வாங்கிவிட்டு, ஒன்றுமே வைக்காமல் அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியாது. நடு ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைக்குப் போய் வளையத்தை மேசையில் வைத்தேன். “தண்ணியில கொண்டுபோய் விட்டா யார் பொறுப்பு?” என்று ஆரம்பித்து, வால்வு போடுவதாகச் சொல்லவே இல்லை என்பதில் வந்து முடித்தார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அவர்கள் முன்பு அனுப்பிய செய்திகள் அழிந்திருந்தன. பில் என் கையில் இருந்தது, பைப்பைக் கழற்றும்போது எடுத்த வீடியோவும் இருந்தது. இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தும், சர்வேயர் பம்பரைப் பார்த்ததும் தெரிவிக்காத மாற்றம் என்று எழுதிவிட்டார். எக்ஸ்டெண்டட் வாரண்டியும் அதே காரணத்தால் போயிற்று. எஞ்சின் வேலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஏர் பாக்ஸைப் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி வாங்கி மாட்டியிருக்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். கடை பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் மனு போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

உங்கள் காரிலும் பம்பருக்குள் இறங்கும் கறுப்பு பைப் இருந்தால், ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி அதன் அடியில் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். வால்வு என்று காட்டிய வளையத்தைக் கழற்றிக் கீழே திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது வீடியோ எடுங்கள், பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஐப்பசிக்கு முன்னால் கம்பெனி ஏர் பாக்ஸை மறுபடி மாட்டிவிடுங்கள். ஒரே கடையால் ஏமாந்தவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ‘வாட்டர் பைபாஸ் வால்வு 4,500’ என்று எழுதிய பில் உங்களிடமும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.