ஹட்டனில் சூப்பர்சார்ஜர் கார் பார்க்கும் கராஜ்

பழைய மினி கூப்பர் எஸ் (ஆர்53) வைத்திருப்பவர்களுக்கு இது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜருக்குச் சின்னப் புல்லி (பெல்ட் சக்கரம்) போட்டால் பூஸ்ட் (அந்தக் காற்றழுத்தம்) ஏறும், சரி, சூடும் கூடவே ஏறும். ரம்பொடை ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சின் தலையில் உட்கார்ந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றே போதாது, உள்ளே போகும் காற்று கொதித்ததும் ஈசியூ (எஞ்சின் கணினி) இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளி, தீப்பொறியைத் தாமதமாக்கிவிடும், இழுவை போச்சு.

"நுவரெலியாவில காத்தே மெலிசு தம்பி, கொழும்புல காட்டின பூஸ்ட்டை இங்க தேடாதீங்க" என்றார் கராஜ் பாஸ். என் காரின் புல்லியைத் தொடவில்லை. இன்டர்கூலரின் வெடித்த ரப்பர் இணைப்பையும் பொனெட் காற்றுவாய் சீலையும் மாற்றி, சூப்பர்சார்ஜர் கியர் எண்ணெயும் ஊற்றினார். 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கச் சொன்னார்.

ஏற்றத்தில் கார் இப்போது மூச்சு வாங்குவதில்லை. உதிரிப்பாகம் வரத்தான் இழுத்தடிப்பு, பில்லில் கூலியைத் தனியாகப் போடுவதுமில்லை, கேட்டு வாங்குங்கள்.